பழைய காரில் கிளட்சுக்குப் புது செட்டா, லைனிங்கா? கியர்பாக்ஸுக்கு?

முன்பு யாரோ ஒப்பேற்றி வைத்த கிளட்சைப் பிரித்துவிட்டால் இரண்டே வழி. பழைய பிளேட்டில் புது லைனிங்கை, அதாவது உராய்ந்து பிடிக்கும் பட்டையை, ரிவெட் அடிக்கலாம். அல்லது கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றலாம்.

லைனிங் அடித்தால் செலவு குறையும். ஆனால் பிளேட்டில் தேய்வது லைனிங் மட்டுமா? நடுவிலுள்ள ஸ்பிரிங்குகள் லூஸாகிக் கடகடக்கும், நடுவட்டமான ஹப்பின் ஸ்ப்ளைன் (ஷாஃப்ட்டைப் பிடிக்கும் உள்பற்கள்) தேய்ந்திருக்கும். ரிவெட் தலை லைனிங்குக்குள் சரியாக இறங்காவிட்டால், பிளேட் அழுந்தும் எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீலில் வட்ட வட்டமாகக் கோடு விழும். அதைப் பார்த்ததுமே முன்பு கைவைத்தவரின் லட்சணம் தெரிந்துவிடும். இதைவிடக் கேவலம், ஆயில் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுவது. சூடேறினால் உள்ளே ஊறிய ஆயில் வெளியே வரும், கிளட்ச் வழுக்கும். ஆயில் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல், எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டுக்குப் பின்பக்கமுள்ள ஆயில் சீலை (seal) அப்படியே விட்டுவிட்டால் புது செட்டுக்கும் அதே கதிதான்.

ஆகவே என் ஓட்டு செட்டுக்கு. பாகமே கிடைக்காத வண்டி என்றால் மட்டும் லைனிங். எதைப் போட்டாலும், சூட்டில் நீலம் பாய்ந்த ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தாமல் மாட்டினால், வண்டி கிளம்பும்போது உதறும்.

கியர்பாக்ஸுக்கு என் கணக்கு தலைகீழ்: மாற்றுவதைவிட நம்முடையதையே பிரித்துச் சரிசெய்வது மேல். பழைய பாக்ஸ் ஒன்றை வாங்கி அப்படியே மாட்டுவது ஒரு நாள் வேலை, கேட்கச் சுகம்தான். ஆனால் நம் பாக்ஸின் நோய் நமக்குத் தெரியும். வாங்கியதன் நோய் மாட்டி ஓட்டினால்தான் தெரியும். நியூட்ரலில் இரையும் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து பாக்ஸுக்குள் வரும் தண்டு) அல்லது லே ஷாஃப்ட் (அதோடு சேர்ந்து சுழலும் துணைத் தண்டு) பேரிங் மேல் சந்தேகப்படலாம். மிதித்தால்தான் சத்தம் என்றால் ரிலீஸ் பேரிங். அதற்குக் கியர்பாக்ஸைக் கழற்றி இறக்கினால் போதும், உள்ளே பிரிக்கவே வேண்டாம். ஆயில் வடிக்கும் டிரெயின் நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை, துண்டு துண்டாக இரும்பு இருந்தால் பிரித்தே ஆகவேண்டும்.

பிரித்தால் வேடிக்கைகள் கிடைக்கும். கியர் தானாக நழுவுகிறதென்று கியரை இடத்தில் நிறுத்தும் லாக் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்திருப்பார்கள். கியர் போடுவது கடினமாகும், தேய்ந்த பல் தேய்ந்தபடியே இருக்கும். சத்தம் அடங்க மரத்தூள் போட்டு விற்றதும் உண்டு. கெட்டி ஆயில் ஊற்றுவதும் அதே ஜாதி: சத்தம் குறையும், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோனைசர் வேலை செய்யத் திணறும். சிங்க்ரோனைசரில் பித்தளை ரிங் உள்ள பழைய பாக்ஸில் ஜிஎல்-4 ரக கியர் ஆயில் கேட்டிருந்தால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். அதில் அதிகமாக உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும்.

பாக்ஸின் வெளிக்கூடான கேஸே உடைந்துவிட்டது என்றால் பழைய பாக்ஸ்தான் கதி. மூடியைத் திறந்து பற்களைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஏற்றும்போது அதன் பாரத்தை இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கவிடாதீர்கள். புதிதாகப் போட்ட கிளட்ச் பிளேட்டின் ஹப் அங்கேயே வளைந்துவிடும்.