எக்ஸ்பல்ஸ் 200 4வி: 31,000 கிலோமீட்டர், 23 பஞ்சர்

செப்டம்பர் 2025ல 350 சிசி வரைக்கும் உள்ள பைக்குக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துலேர்ந்து 18 ஆனதும் எங்க அத்தை பையனுக்கு ஆசை வந்துருச்சு. காரைக்குடியிலேர்ந்து தினம் ஒரு மெசேஜ். "மச்சான், ஹீரோ எக்ஸ்பல்ஸ்ல பழைய 200 எடுக்கவா புது 210 எடுக்கவா, எனக்கு மண்ணுல ஓட்டத் தெரியாது, கத்துக்கிட்டே ஆஃபீசுக்கும் ஓட்டுற மாதிரி ஒரு வண்டி வேணும், உன்னுது எப்படி இருக்கு?" நாலு நாளா பதில் போடல. நேத்து சாயங்காலம் இந்த மாசத்துல நாலாவது தடவையா பின்சக்கரம் பஞ்சராகி கண்மாய்க்கரையிலேர்ந்து ஒன்றரை கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிட்டு வந்து, குளிச்சு, சாப்பிட்டு, இன்னும் சூடு அடங்காம உக்காந்து எழுதுறேன். கொஞ்சம் காரமா இருந்தா அவனும் நீங்களும் பொறுத்துக்கங்க.

ஸ்பெக் எல்லாம் எழுதப்போறதில்ல, ஃபோன்ல தட்டினா வந்துரும். நான் வண்டி எடுத்தது 2022 பிப்ரவரி, 4வி, அதாவது நாலு வால்வு மாடல், வந்து நாலு மாசம் ஆன நேரம். அதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்ச ஆஃப்ரோடுன்னா மழைக்கு அப்புறம் எங்க தெரு.

ஆசை வந்த கதையே வேற. ராத்திரி தூக்கம் வராம யூடியூப்ல ட்ரயல்ஸ்னு ஒரு பைக் போட்டி பாத்துக்கிட்டு கிடப்பேன். டோனி போவ்னு ஒரு ஸ்பெயின்காரர், 2007லேர்ந்து 2025 வரைக்கும் வருஷா வருஷம் உலக சாம்பியன், ஆளு உயரப் பாறை மேல வண்டியை ஆட்டுக்குட்டி மாதிரி தாவ விடுவாரு. அதுல வேகம்லாம் கிடையாது, போற வழியில கால் ஊனாம போறதுதான் போட்டி. ஒரு தடவை ஊனினா 1, ரெண்டு தடவைன்னா 2, மூணும் அதுக்கு மேலயும் 3, விழுந்தாலோ எல்லைக் கோட்டைத் தாண்டி வெளிய போனாலோ 5. கம்மி மார்க் வாங்குறவன் ஜெயிச்சான். பாத்ததுமே இது நமக்கானதுன்னு தோணுச்சு, ஏன்னா வேகமா ஓட்ட எனக்குப் பயம். விசாரிச்சா, அந்த வண்டிக்கு சீட்டே கிடையாது, சும்மா 70 கிலோ சுமார்தான் வெயிட்டு, பெட்ரோல் டேங்க் ரெண்டு மூணு லிட்டர், நம்ம ஊர் ஷோரூம்ல எங்கயும் கிடைக்காது. கிடைச்சாலும் அதுல ஆஃபீஸ் போக முடியாது. வீட்ல ரெண்டு வண்டி வெக்கிற அளவுக்கு வசதியும் இல்ல, எங்க வீட்டம்மாவுக்குப் பொறுமையும் இல்ல.

அதனால ஒரே வண்டி, எல்லாத்துக்கும். அப்ப பாத்தது ரெண்டுதான். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, 199 கிலோ. எக்ஸ்பல்ஸ், 158 கிலோ. ஹிமாலயன் நல்ல வண்டிதான், லாங் போறவன் அதைத்தான் எடுப்பான், ஆனா நான் யோசிச்சது ஒண்ணே ஒண்ணு: கத்துக்கிறவன் விழுவான், விழுந்தா ஒத்தையில தூக்கணும், கண்மாய் நடுவுல யாரும் வரமாட்டாங்க. அந்த 41 கிலோ, ஒரு சிமெண்ட் மூட்டைக்கு 9 கிலோதான் கம்மி. அந்த ஒரு கணக்குக்காகவே எக்ஸ்பல்ஸ் எடுத்தேன், இன்னைக்கு வரைக்கும் அந்தக் கணக்கு தப்புன்னு தோணல. முதல் மூணு மாசத்துல 40 தடவையாவது விழுந்திருப்பேன். குனிஞ்சு இழுக்கக் கூடாது, வண்டிக்கு முதுகு காட்டி உக்காந்து, ஹேண்டில் ஒரு கை, பின்னாடி கம்பி ஒரு கை, காலால தள்ளி எந்திரிக்கணும். இதைக் கத்துக்க எனக்கு ஒரு தடவை முதுகு புடிச்சுக்க வேண்டியிருந்துச்சு.

உயரம் பத்தி எல்லாரும் கேக்குறாங்க. நான் அஞ்சடி நாலு அங்குலம், சீட்டு 825 மில்லிமீட்டர். ரெண்டு காலும் எட்டாது. சிக்னல்ல ஒரு பக்கமா சரிஞ்சு ஒரு கால் மட்டும் ஊனிக்கணும், பழகிரும். திரும்பத் திரும்ப எழுதுறாங்களேன்னுதான் எழுதினேன், இது ஒரு பிரச்சினையே இல்ல.

இப்ப நல்ல பக்கம். ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சரைக்கு ஊர்க்கண்மாய். மதுரைப் பக்கம் கண்மாய் வருஷத்துல பாதி மாசம் காய்ஞ்சுதான் கிடக்கும், வெடிச்ச களிமண், நடுவுல மணல் திட்டு, கரையில கல்லு கட்டின சரிவு. நான் செங்கல்லை ரெண்டு ரெண்டா நட்டு ஆறு வாசல் வெச்சுக்குவேன். எங்க அக்கா பொண்ணு, ஒன்பது வயசு, லீவுக்கு வந்திருந்தப்ப கூட்டிட்டுப் போனேன், விளையாட்டாத்தான் ட்ரயல்ஸ் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். நோட்டைத் தூக்கிட்டு நடுவர் ஆகிட்டா. "மாமா கால் ஊனிட்டீங்க, ஒண்ணு." "ஊனலடீ, உரசுச்சு." "செருப்புல மண்ணு ஒட்டியிருக்கு, ஒண்ணுதான்." அன்னைக்கு ஆறு வாசலுக்கு 26 வாங்கினேன். 30தான் உச்சம். அவ ஊருக்குப் போனதுக்கு அப்புறமும் அந்த நோட்டு எங்கிட்ட இருக்கு, நானே எழுதிக்கிறேன், ஆனா அவ அளவுக்கு நேர்மையா எழுதுறதில்ல.

போன மாசம் 9க்கு வந்தேன். எப்படின்னா, நின்னுக்கிட்டு ஓட்டுறது. ஃபுட்ரெஸ்ட்ல நின்னு, முட்டியை லேசா மடக்கி, வண்டி கீழ ஆடட்டும்னு விட்டுரணும், நம்ம உடம்பு மட்டும் நேரா. சின்ன வட்டம் அடிக்கணும்னா ஹேண்டிலை முழுசா ஒடிச்சு, வண்டியை உள்பக்கம் சாய்ச்சு, நம்ம இடுப்பை வெளிப்பக்கம் தள்ளணும், ரோட்டுல பண்றதுக்கு நேர் எதிர். கிளட்ச்சுல ஒரே ஒரு விரல், பாதி புடிச்ச மாதிரியே. ட்ரயல்ஸ் வண்டி முதல் கியர்ல நடக்கிற வேகத்துக்குத் தானா ஊரும், இது அவ்வளவு மெதுவா ஊராது, கிளட்ச்சை வெச்சுத்தான் சமாளிக்கணும். ஆனா அந்த இன்ஜின் இருக்கே, அடிமட்ட ஆர்பிஎம்ல டக் டக் டக்னு திக்குற மாதிரி இருக்கும், அணைஞ்சிரும்னு நினைப்போம், அணையாது. அந்த சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். முன்சக்கரம் 21 இஞ்ச், தலையணை அளவு கல்லையும் பாத்துட்டு ஏறிரும். பின்பக்கம் ஏபிஎஸ் (பிரேக் புடிச்சாலும் சக்கரம் பூட்டாம பாத்துக்கிறது) இல்லாதது சிலருக்குக் குறையா தெரியலாம், கரைச்சரிவுல இறங்கறப்ப பின்சக்கரத்தைப் பூட்டி வழுக்க விட்டு இறங்கறதுக்கு அதுதான் வசதி. மழையில தார் ரோட்டுல அதே வேலையைப் பண்ணி ஒரு தடவை பால் வண்டிக்குக் குறுக்கால நின்னேன், அது வண்டி தப்பில்ல, என் புத்தி.

ரோட்டுல? ஆஃபீஸ் 14 கிலோமீட்டர், ஸ்பீட் பிரேக்கர் எல்லாம் இருக்குறதே தெரியாது. சிறுமலை 18 கொண்டை ஊசியும் சிரிச்சுக்கிட்டே ஏறும். நாலு வழிச்சாலையில 90க்கு மேல மனசு வராது, 19 பிஎச்பிக்கு அதுதான் மரியாதை, திருச்சி போற பஸ் எல்லாம் ஹாரன் அடிச்சுத் தாண்டும், ஓரமா விட்டுட்டா நிம்மதி.

சரி, முள்ளுக்கு வருவோம்.

எங்க பக்கம் சீமைக்கருவேலம் பத்தித் தெரியாதவங்க கொடுத்து வெச்சவங்க. 2017ல ஹைகோர்ட் மதுரைக் கிளை வெட்டச் சொல்லி, பொக்லைன் விட்டு வேரோட புடுங்கினாங்க, எங்க கண்மாய்லயும் புடுங்கினாங்க. அடுத்த மழைக்கே திரும்ப வந்து நிக்குது. அந்த முள்ளு காய்ஞ்சா ஆணிதான். மண்ணுக்குள்ள படுத்துக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது, டயர்ல ஏறி உடைஞ்சு உள்ளயே உக்காந்துக்கும். அன்னைக்குப் பஞ்சர் ஆகாது. ரெண்டு நாள் கழிச்சு ஆஃபீஸ் பார்க்கிங்ல வந்து பாத்தா வண்டி உக்காந்திருக்கும்.

டியூப்லெஸ் டயர்னா முள்ளை விட்டுட்டே ஓட்டிக்கிட்டுப் போய்ச் சேந்துரலாம். என் வண்டி ஸ்போக் வீல், அதாவது கம்பி போட்ட சக்கரம். அதுக்கு அது ஆகாது, ஒவ்வொரு ஸ்போக்குக்கும் ரிம்முல ஓட்டை, காத்து நிக்காது, அதனால டியூப்தான். கம்பி இல்லாம ஒரே வார்ப்பா வர்ற காஸ்ட் வீல் போட்டா கல்லுல மோதினா விரிசல் விடும், ஸ்போக் வளைஞ்சு கொடுக்கும். மண்ணுல போற வண்டிக்கு ஸ்போக்தான் சரி. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கோவம் வருது. ட்ரயல்ஸ்காரங்க டயர்ல நாலஞ்சு பிஎஸ்ஐ காத்தழுத்தம் மட்டும் வெச்சு ஓட்டுறாங்கன்னு கேட்டு நானும் காத்தை இறக்கி ஓட்டினேன், பிடி அருமையா இருந்துச்சு, டயர் ரிம்முல நகந்து டியூபை இழுத்து வால்வு அடியோட கிழிஞ்சிருச்சு. டயர் நகராம ரிம்மோட இறுக்கிப் புடிக்க ரிம் லாக்குன்னு ஒண்ணு போடணும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த ஒண்ணை முள்ளுக் கணக்குல சேர்க்கக் கூடாது, இருந்தாலும் 23ல சேர்த்துட்டேன்.

டியூப்லெஸ்ஸா மாத்தித் தரோம்னு ஒரு கடையில ஸ்போக் ஓட்டையை எல்லாம் பசை போட்டு அடைச்சுக் கொடுத்தாங்க. ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு. அப்புறம் வாரம் பத்து பிஎஸ்ஐ இறங்க ஆரம்பிச்சு, கடைசியில திரும்ப டியூபே போட்டேன். அப்புறம் டியூப்புக்குள்ள ஊத்துற பச்சைக் கூழ் வாங்கி ஊத்தினேன். அதுக்கும் ஒரு நாள் பஞ்சர் ஆச்சு. கடைக்காரண்ணன் டியூபை வெளிய இழுத்ததும் கூழ் அவர் கை, லுங்கி, ஸ்டூல் எல்லாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார், சொல்யூஷன் தடவுறார், ஒட்ட மாட்டேங்குது. என்னை ஒரு பார்வை பாத்தாரு. "தம்பி, இன்னொரு தடவை இதை ஊத்திட்டு எங்கடைக்கு வராதீங்க." நியாயம்தான்.

நேத்து அதே கடை. வாசல்ல வண்டியைப் பாத்ததுமே தண்ணித் தொட்டியை நகத்தி வெச்சுட்டாரு. என் வண்டிக்கு சென்டர் ஸ்டாண்டு கிடையாது, அதனால அவரு கடை ஓரத்துல ஒரு ஆட்டுக்கல்லே வெச்சிருக்காரு எனக்காக, அடியில கொடுத்து சக்கரத்தைத் தூக்க. நெம்புகம்பி ரெண்டு போட்டு டயரைப் பிரிச்சு, டியூபை முக்கிப் பாத்தா ரெண்டு இடத்துல முட்டை விடுது. டயருக்குள்ள விரலை விட்டுத் தடவித் தடவி, "இருக்கு, இருக்கு"ன்னு சொல்லி, குறடால ஒரு துண்டு முள்ளை உருவி என் உள்ளங்கையில வெச்சாரு. அரை இஞ்ச் கூட இல்ல. "ஏன் தம்பி, ரோடு போட்டுத்தானே வெச்சிருக்கான்?" என்கிட்ட பதில் இல்ல. ரெண்டு ஒட்டுக்கு 240 ரூபா. கண்மாயிலேர்ந்து மணல்ல தள்ளினதுக்குக் கூலி தனி, அது என் இடுப்பு கொடுத்துக்கிட்டு இருக்கு. அப்ப அந்த 158ம் கம்மியாத் தெரியல.

மாப்ள, உனக்குப் பதில். 210ல இன்ஜின் பெருசு, ரேடியேட்டர், ஆறு கியர், 24 பிஎச்பிக்கு மேல, ஹைவேக்கு அதுதான் நல்லாருக்கும், ஓட்டிப் பாத்தேன். வெயிட்டும் ஏறியிருக்கு. அதுலயும் ஸ்போக், அதுலயும் டியூப். பழகுறதுக்குன்னா 200தான், விழுந்தா தூக்கிரலாம், லிவர் வளைஞ்சா நூறு இருநூறுல முடிஞ்சிரும், நாலு வருஷத்துல இன்ஜின்ல கை வெக்கல, ஆயில் மாத்தி செயின் போட்டதோட சரி. மெதுவா ஓட்டக் கத்துக்கொடுத்தது இந்த வண்டிதான், அது வரைக்கும் எனக்கு வண்டி ஓட்டவே தெரியாதுன்னுதான் இப்ப தோணுது. பயிற்சிக்குப் பட்டா நிலமோ பொறம்போக்கோ பாத்து, கேட்டுட்டு ஓட்டு, ரிசர்வ் ஃபாரஸ்ட் உள்ள மட்டும் போயிராத, வண்டியோட புடிச்சு வெச்சிருவாங்க.

இவ்வளவும் சொல்லிட்டு சொல்றேன், வாங்காத. எந்த ஊர்ல சீமைக்கருவேலம் இல்லையோ அந்த ஊர்க்காரன் வாங்கட்டும். காரைக்குடியில உங்க வீட்டுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். காஸ்ட் வீல் போட்ட எதாவது ஒண்ணை எடுத்துட்டு நிம்மதியா ஆஃபீஸ் போ. அடுத்த மாசம் கேட்டா வேற சொல்வேனோ என்னமோ, நேத்து தள்ளின தூரம் இன்னைக்கு இதைத்தான் சொல்ல வெக்குது.

இந்த வண்டியால வீட்ல முழுத் திருப்தி எங்கப்பாவுக்கு மட்டும்தான். ஒட்டு மேல ஒட்டு விழுந்து ஒண்ணுத்துக்கும் ஆகாத டியூபை எல்லாம் பிளேடால நீளநீளமா வெட்டி, கிணத்து மோட்டார் பைப்புல ஒழுகுற இடத்துக்கெல்லாம் சுத்தி வெச்சிருக்காரு. இன்னைக்குக் காலையில கேக்குறாரு, "அடுத்த டியூப் எப்படா வரும்?"