நேரத்தைச் சுருக்க: மாண்டேஜ் பாட்டா, வேகவெட்டா?

ஒரு படத்தில், ஒருவர் தூங்கி எழுந்து வேலைக்குக் கிளம்புவதை ஆறு விநாடியில் காட்ட வேண்டும். பாட்டையோ பின்னணி இசையையோ ஓடவிட்டு, அதன்மேல் ஷாட்களை டிசால்வ் போட்டு, அதாவது ஒன்று மங்க அடுத்தது தெளியும்படி, அடுக்கலாம்; இது மாண்டேஜ். அல்லது நெருக்கமான குளோசப்களை அரை விநாடிக்குள் வெட்டி, ஒவ்வொன்றிலும் அதற்குரிய ஒலியை அறைந்தாற்போல் வைக்கலாம்; இது வேகவெட்டு. என் சாய்வு இரண்டாவது பக்கம்.

மாண்டேஜின் பலம் தெரிந்ததுதான். உணர்ச்சியை இசை சுமந்துகொள்ளும். சுமாரான ஷாட்டும் ஒப்பேறிவிடும். விநாடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்பது கணக்கு; 24 ஃபிரேம் டிசால்வ் என்றால் ஷாட்டின் விளிம்பில் 12 ஃபிரேம் உபரி வேண்டும், அவ்வளவே.

வேகவெட்டில் உழைப்பு அதிகம். ஆறு விநாடிக்கு 144 ஃபிரேம். ஷாட்டுக்கு 8 முதல் 12 ஃபிரேம். அந்த நேரத்தில் கண் ஒரே ஒரு செயலைத்தான் பிடிக்கும்: சாவி திரும்புகிறது. சாவியைத் தேடும் கையையும் கதவையும் அதே ஷாட்டில் திணித்தால் எதுவுமே பதியாது. பார்க்க வேண்டிய பொருள் எல்லா ஷாட்டிலும் திரையின் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கட்டும். இல்லையேல் கண் தேடி முடிப்பதற்குள் அடுத்த ஷாட் வந்துவிடும்.

ஒலியின் முதல் அடி வெட்டுக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னால் விழுந்தால் வெட்டு கூர்மையாகும். பிந்தினால் ஷாட் சோம்பித் தெரியும். ஒலியின் வாலை மூன்று நான்கு ஃபிரேமில் ஃபேட் செய்து தணித்துவிடுங்கள். வால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மிஞ்சுவது இரைச்சல்தான். அடுத்தடுத்து ஒரே கனத்தில் ஒலி வரக்கூடாது: ஒரு 'டப்', ஒரு 'கிளிக்', ஒரு 'ஸ்ஸ்'. கடைசி ஷாட்டுக்குப் பிறகு ஒரு விநாடியாவது அறையின் வெறும் ஒலி வேண்டும். அது இல்லையென்றால் அடுத்த காட்சியின் முதல் வசனம் காதில் ஏறாது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், பின்னால் வரும் திருத்தங்களுக்காக. நிமிடத்துக்கு 120 தாள அடி உள்ள இசையில் ஓர் அடிக்கு 12 ஃபிரேம். அந்தக் கணக்கில் அடுக்கிய மாண்டேஜில் மூன்றாவது ஷாட்டை எடுக்கச் சொன்னால், பின்னால் உள்ளவை எல்லாம் ஓர் அடி முன்னே நகரும். சரணம் தொடங்கும் இடத்தில் வரவேண்டிய முகம் வராது. எடிட்டிங்கின்போது வைத்த தற்காலிக இசையை மாற்றி 96 அடியில் இறுதி இசை வந்தால் இன்னும் மோசம். ஓர் அடி 15 ஃபிரேம் ஆகிவிடும். எல்லா ஷாட்டையும் நீட்ட வேண்டும். டிசால்வுக்கு வைத்த உபரி அதிலேயே கரையும். கடைசி வாரத்தில் இது பெரிய தலைவலி.

வேகவெட்டில் ஷாட்டும் அதன் ஒலியும் ஒரு ஜோடி. ஜோடியோடு உருவிவிட்டால் மீதி தானாக ஒட்டிக்கொள்ளும். கவனிக்க வேண்டியது ஒன்று: அடுத்த ஒலியின் முதல் இரண்டு ஃபிரேம் முந்தைய ஷாட்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். ஒலிகளை இரண்டு ட்ராக்கில் மாற்றி மாற்றி வைத்தால் அந்த முனை வெட்டுப்படாது.

இதே குணத்தால் காட்சி திரும்ப வரும்போதும் லாபம். முதல் முறை 12 ஷாட், அடுத்த முறை ஐந்து, பிறகு இரண்டு போதும்; விட்டதை ஒலி நிரப்பும். 2000-இல் வந்த 'ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்' படம் போதைப் பழக்கத்தின் சுழற்சியைக் காட்டியது இந்தத் திரும்பவரும் துண்டுகளால்தான்.

ஆனால் ஆண்டுகளைக் கடக்க வேண்டிய இடத்தில் என் சாய்வு அவ்வளவு உறுதியில்லை. அரை விநாடித் துண்டுகள் பழக்கத்தைக் காட்டும், வயதாவதைக் காட்டுவது கடினம். 'சிட்டிசன் கேன்' (1941) ஒரு திருமணம் கசந்துபோவதைக் காலை உணவு மேசையிலேயே சில நிமிடத்தில் முடித்தது பேச்சையும், சட்டென்று வீசித் திரும்பும் கேமராவையும், இசையையும் நம்பி. அங்கே முகம் மாறுவதைப் பார்க்க நேரம் வேண்டும். 12 ஃபிரேம் போதாது.