ஜோகூர் பாருவில் கண்ணாடி போடப் போகிறீர்களா? 1,280 ரிங்கிட் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

இடது பக்கம் ஒடிந்து செலோடேப் சுற்றிய என் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். புதுக் கண்ணாடி பக்கத்திலேயே டப்பாவுக்குள் கிடக்கிறது. விலை 1,280 ரிங்கிட். போட்டால் பத்து நிமிடத்தில் தலை வலிக்கிறது, போடாவிட்டால் வயிறு எரிகிறது. நேற்று இரவு அந்தக் கடையிலிருந்து வந்த பதிலைப் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. எப்படிக் கண்ணாடி வாங்குவது என்று ஆற அமர எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைப் பெயரைப் போடவில்லை. போட்டால் அதற்கு ஒரு சண்டை வரும். பேரங்காடி ஒன்றின் இரண்டாம் மாடியில் வரிசையாகக் கண்ணாடிக் கடைகள் இருக்கும் இடம், அதில் ஒன்று. வாசலில் 'சிங்கப்பூர் வாடிக்கையாளருக்குச் சலுகை' என்று பலகை இருக்கும். அந்த அளவுக்குப் போதும்.

நான் சிங்கப்பூரில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: மளிகை, பல் வைத்தியம், கார் கழுவுவது, முடி வெட்டுவது என்று எல்லாவற்றுக்கும் பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கு, அதாவது ஜேபிக்குப் போகிற ஊர் இது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது யாருக்குத்தான் கால் நிற்கும்? எனக்கு 49 வயது. சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை, வலது கண்ணில் மைனஸ் 5.50, இடதில் மைனஸ் 6.00. இப்போது வெள்ளெழுத்தும் சேர்ந்துகொண்டதால் தூரத்துக்கும் படிக்கவும் ஒரே கண்ணாடி, அதாவது புரோகிரஸிவ் லென்ஸ் வேண்டும். வீட்டுக்குக் கீழே உள்ள கடையில் பிரேமோடு சேர்த்து 720 வெள்ளி சொன்னார்கள். வேலையிடத்தில் ஒரு நண்பர், "பைத்தியமா உனக்கு, ஜேபி போ, பாதிக் காசு" என்றார். அவர் போட்டிருந்தது சாதாரண ஒற்றைப் பவர் கண்ணாடி. அந்த வித்தியாசம் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை 950 பஸ் பிடித்துப் போனேன். மூன்று கடை ஏறி இறங்கினேன். நான்காவது கடை வாசலில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். முகத்தைப் பார்த்தவுடனே, "அண்ணே, தமிழா? உள்ள வாங்கண்ணே, சும்மா பாருங்க, காசா பணமா" என்றான்.

அவ்வளவுதான். அங்கேயே விழுந்துவிட்டேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தான். "ஊர்ல எங்கண்ணே?" என்றான். பட்டுக்கோட்டைப் பக்கம் என்றேன். "அட, எங்க தாத்தா ஒரத்தநாடுண்ணே. ரப்பர் தோட்டத்துக்கு வந்தவரு. நான்தான் இன்னும் ஊரப் பாத்ததில்ல" என்றான். கீழேயிருந்து தே தாரேக் வாங்கி வரச் சொல்லி, பிளாஸ்டிக் பையில் கட்டி ஸ்ட்ரா போட்டுக் கையில் கொடுத்தான். அதற்குப் பிறகு நான் ஒரு விலைக்கும் வாய் திறக்கவில்லை. ஒரத்தநாட்டுப் பிள்ளையிடம் பேரம் பேசுவதா என்று இருந்தது. அந்த டீ இரண்டு ரிங்கிட் இருக்கும். என்னை விலைக்கு வாங்க அது போதுமாக இருந்திருக்கிறது.

கண் சோதனைக்கு இன்னொருவர் வந்தார். முகவாயை வைத்துப் பார்க்கிற மெஷின், நீளமான சாலை, அதன் முடிவில் ஒரு பலூன். உங்களுக்கும் தெரிந்திருக்கும். மெஷினிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது, அதைக் கிழித்துக்கொண்டார். நான் சிங்கப்பூரில் எடுத்த பவர் சீட்டையும் நீட்டினேன். "ஓகே ஓகே, சேம்" என்றார். பிறகு ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை மூக்கின் மேல் வைத்துக் கண்மணிக்குக் கண்மணி தூரம் அளந்தார். மொத்தம் ஏழு நிமிடம். சோதனை பிரேமில் வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு நடக்கச் சொல்வார்களே, அது கிடையாது. நான் தேர்ந்தெடுத்த பிரேமை மாட்டிவிட்டு, கண்மணிக்கு நேரே பேனாவால் புள்ளி வைப்பார்கள், அதுவும் கிடையாது. புரோகிரஸிவ் லென்ஸுக்கு அந்தப் புள்ளிதான் உயிர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தம்பி ஒரு அட்டையைப் பிரித்து வைத்தான். பிரான்ஸ் கம்பெனி லென்ஸ், 1.67 இண்டெக்ஸ், அதாவது என் பவருக்குச் சோடாபுட்டி மாதிரி தெரியாத மெல்லிய லென்ஸ். ஒரிஜினல் விலை 2,100, உங்களுக்கு 1,280. "கார்டுன்னா மூணு பர்சன்ட் ஏறும்ணே. ரொக்கமா குடுத்தா அத மிச்சம் பண்ணலாம். முழுசா கட்டிட்டீங்கன்னா இன்னைக்கே கோலாலம்பூர் லேப்புக்கு அனுப்பிடுவேன்." ஏடிஎம்மில் எடுத்துக் கொண்டுவந்து 1,280 ரிங்கிட்டை எண்ணி வைத்தேன். ரொக்கமாக. அன்றைய விலைக்கு ஏறக்குறைய 380 வெள்ளி. ரசீதில் 'பிரேம் + லென்ஸ், 1 செட், 1,280' என்று எழுதியிருந்தது. லென்ஸ் பெயர் இல்லை, இண்டெக்ஸ் இல்லை, பவர் இல்லை. நான் அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, கீழே போய் ஒரு வாழையிலைச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பினேன்.

எட்டு நாள் கழித்துக் கண்ணாடி வந்தது. கடையில் போட்டபோதே தரை கொஞ்சம் மேலே எழும்பி வந்த மாதிரி இருந்தது. "புதுசுல அப்படித்தான்ணே, ரெண்டு வாரம் பழகணும்" என்றான். பழக வேண்டும் என்பது பொய்யில்லை. முதல்முறை புரோகிரஸிவ் போடுகிற எல்லோருக்கும் சில நாள் பிடிக்கும். அதனால்தான் அந்தச் சொல்லை வைத்து ஏமாற்றுவது சுலபமாக இருக்கிறது. அன்று சுங்கத்தில் படி இறங்கும்போது கடைசிப் படி இருப்பதாகத் தெரிந்த இடத்தில் கால் வைத்தேன், படி அங்கே இல்லை. முன்னால் போன அம்மாவின் முதுகில் போய் இடித்தேன். இரண்டு வாரம் ஆனது. மூன்று வாரம் ஆனது. கம்ப்யூட்டரில் ஒரு வரி படிக்கக் கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்ட வேண்டியிருந்தது. போன் செய்தால், "கழுத்த ஆட்டாம கண்ண மட்டும் எறக்கிப் பாருங்கண்ணே." மறுமுறை, "மூக்குல நழுவுது போல, வாங்க டைட் பண்ணித் தரேன்." வெள்ளிக்கிழமை மாலை, வேலை முடிந்து, பாலத்தில் இரண்டு மணி நேர நெரிசலில் நின்று போனேன். மூக்குப் பட்டையை இடுக்கியால் இரண்டு அமுக்கு அமுக்கிக் கொடுத்தான். மொத்தம் இரண்டு நிமிடம்.

போன செவ்வாய்க்கிழமை பொறுக்க முடியாமல் வீட்டுக்குக் கீழே உள்ள அதே கடைக்குக் கொண்டுபோனேன், 720 சொன்னார்களே, அந்தக் கடை. அங்கே இருக்கும் சீன அங்கிள் கண்ணாடியை வாங்கி, வாயருகே வைத்து ஹா என்று ஒரு ஊது ஊதினார். ஆவி படிந்த லென்ஸை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆவி மறைவதற்குள் பார்க்க வேண்டும்: கண்ணாடிக்குள் நகக்கீறல் மாதிரி இரண்டு பொடி வட்டங்கள், இரண்டுக்கும் நடுவே 34 மில்லிமீட்டர். காதுப் பக்கத்து வட்டத்துக்குக் கீழே 15 என்ற எண். புரோகிரஸிவ் லென்ஸில் பொதுவாக இந்த ரகசிய எழுத்து இருக்குமாம். 15 என்றால் படிக்கும் பவர் 1.50. என் சீட்டில் இருந்தது 2.00. கம்பெனி அடையாளம் இருக்க வேண்டிய மூக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

அந்த வட்டங்களின் மேல் பேனாவால் குறி வைத்துவிட்டு, கண்ணாடியை என் முகத்தில் மாட்டிப் பார்த்தார். என் கண்மணி இடைவெளி 66. லென்ஸ் செய்திருந்தது 62-க்கு. ஒவ்வொரு கண்ணும் லென்ஸின் நடுவை விட்டு இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் பார்க்கிறது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று நானும் கேட்டேன். என் பவருக்கு அது இரண்டு கண்ணையும் பக்கவாட்டில் இழுக்குமாம், தவிர புரோகிரஸிவில் படிக்கிற பகுதி ஒரு சந்து மாதிரி குறுகலாகத்தான் இருக்கும், கண் அதற்கு வெளியே போய்விடுகிறதாம். லென்ஸ் ஓரத்தின் தடிமனைப் பார்த்துவிட்டு இது 1.67 இல்லை, அதைவிடத் தடித்த 1.56 ஆக இருக்கும் என்றார். இதற்கெல்லாம் ஒரு காசு வாங்கவில்லை. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததா இல்லையா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான். இருந்திருந்தாலும் தப்பில்லை.

அவர் எழுதிக் கொடுத்த அளவுகளைப் படம் எடுத்து ஜேபி கடைக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் போன் செய்தேன், "பாஸ் பினாங்கு போயிருக்காருண்ணே." அதற்கு மறுநாள், "லேப்பு மேல தப்பு, லேப்புல கேட்டிருக்கோம்." பிறகு வேறொரு பெண் எடுத்து, ரசீதில் 1.67 என்று எங்கே இருக்கிறது என்று என்னையே கேட்டாள். எங்கேயும் இல்லை. அதுதான் விஷயம். நேற்று இரவு தம்பி அனுப்பினான்: "சாரிண்ணே, கண்ணாடி யூஸ் பண்ணிட்டீங்க, ரீபண்ட் முடியாதுன்னு பாஸ் சொல்றாரு. அடுத்த கண்ணாடிக்குப் பத்து பர்சன்ட் கழிச்சுத் தரோம்."

அடுத்த கண்ணாடியாம்!

மலேசியாவில் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்கு 5 ரிங்கிட்தான் கட்டணம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் வைக்க முடியாது, நாமே பேச வேண்டும். போடலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் கையில் இருப்பது 'பிரேம் + லென்ஸ், 1 செட்' என்ற துண்டுச்சீட்டும், விசாரணை நாளுக்கு எடுக்க வேண்டிய ஒரு நாள் விடுப்பும். 1,280 ரிங்கிட்டுக்கு என்னென்ன செலவழிப்பது?

சரி, போகிறவர்களுக்கு அவசரமாக நாலு வார்த்தை. ஒற்றைப் பவர் என்றால் போங்கள், பெரும்பாலும் பிரச்சினை வராது, வந்தாலும் நஷ்டம் கொஞ்சம். புரோகிரஸிவ் என்றால் இரண்டு மூன்று தடவை போய் வர மனசும் நேரமும் இருந்தால் மட்டும் போங்கள். கண்மணி இடைவெளியை இங்கேயே அளந்து எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். ரசீதில் லென்ஸ் பெயர், இண்டெக்ஸ், பவர் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கே கண் பார்ப்பவர்கள் மலேசிய ஒளியியல் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள், மூன்று பர்சன்ட் போனாலும் கார்டிலேயே கட்டுங்கள். கண்ணாடியை வாங்கும்போது கடையிலேயே ஊதிப் பாருங்கள். தமிழில் பேசினால்... அதை நான் சொல்லவில்லை, எல்லோரையும் சொன்னதாகிவிடும்.

சீன அங்கிளிடம் 720 வெள்ளிக்கே சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் வரும். வீட்டில் இன்னும் முழுக் கணக்கும் தெரியாது. 1,280 ரிங்கிட் என்பதை 800 என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் இந்தப் பக்கமெல்லாம் வருவதில்லை, யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.