அம்மம்மாவின் மலச்சிக்கலும் நாங்கள் பார்த்த நாலு வைத்தியமும்

"இண்டைக்கும் வயிறு இளகேல்லைப் பிள்ளை." போன சோளகக் காலம் (தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்கள்) முழுக்க அம்மம்மா காலையில் சொன்ன முதல் வார்த்தை இதுதான். யாழ்ப்பாணத்தில் மலச்சிக்கல் என்று வாய் திறந்தால் வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஹோமியோபதி, சித்தம், பாமசி மருந்து, சாப்பாடு என்று நாங்களும் நாலையும் பார்த்தோம்.

முதலில் போனது ஹோமியோபதிக்கு. அங்கே கிடைத்த பொறுமை வேறெங்கும் கிடைக்கவில்லை. அதை மறைக்கக் கூடாது. ஒரு மணித்தியாலம் போல இருந்து கேட்டார்கள். முட்டிக்கொண்டு வந்தும் முழுதாகப் போகாவிட்டால் நக்ஸ் வோமிகா என்ற மருந்து. வருகிற உணர்வே இல்லாமல் வறண்டு கட்டியாகப் போய், தாகமும் இருந்தால் பிரயோனியா. இளகின மலத்துக்கே முக்க வேண்டியிருந்தால் அலுமினா. அம்மம்மாவுக்குக் கிடைத்தது நக்ஸ் வோமிகா 30. சவ்வரிசி போல வெள்ளை உருண்டைகள். கை படாமல் மூடியில் நாலைத் தட்டி நாக்கின் கீழ் வைக்க வேண்டும். கோப்பி கூடாது.

நக்ஸ் வோமிகா வேறொன்றுமில்லை, நம்முடைய எட்டிக்காய்தான். எட்டியில் இருப்பது ஸ்டிரிக்னின் என்ற கடும் நஞ்சு. ஆனால் 30 என்று போட்டிருந்தால், நூறில் ஒரு பங்காகக் கரைப்பதை 30 தடவை திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 12 தடவை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவது அரிது. அதனால் நஞ்சுக்குப் பயமில்லை. அதே காரணத்தால் மருந்தும் இல்லை. அவுஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015இல் 176 ஆய்வுகளை எடுத்துப் பார்த்துவிட்டு, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதாக நம்பத்தக்க சான்று இல்லை என்றது.

சரி, தீங்கில்லைத்தானே என்று நினைத்து மூன்று மாதம் விட்டுவிட்டோம். சில நாள் தானாக இளகும், உருண்டைக்குப் பேர் கிடைக்கும். அவ்வளவு கேள்வி கேட்ட இடத்தில் ஒன்று மட்டும் கேட்கப்படவில்லை: வேறு என்ன குளிசை போடுகிறீர்கள்? பிறகு ஒரு டொக்டர் அம்மம்மாவின் மருந்துப் பையை மேசையில் கவிழ்த்துப் பார்த்தார். முழங்கால் வலிக்குக் கோடீன் கலந்த குளிசை, எலும்புக்குக் கல்சியம். இரண்டும் மலத்தை இறுக்குகிறவை, அதிலும் கோடீன் குடலின் அசைவையே மந்தமாக்கும். அவர் வலிக் குளிசையை வெறும் பரசிற்றமோலாக மாற்றினார். பாதிப் பிரச்சினை அதோடு போனது. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் மனம் பொறுக்கவில்லை.

சித்த வைத்தியத்தை உருண்டையோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலா உண்மையான சரக்கு. நிலாவாகையும் அப்படித்தான், அதே இலையின் சத்தைத்தான் பாமசியில் சென்னா குளிசையாக விற்கிறார்கள். வேலை செய்கிற மருந்து என்பதால்தான் கவனமும் வேண்டும். அளவு கூடினால் வயிற்றால் போய் உடலில் உப்புச்சத்துக் குறையும். இதய நோய்க்குக் குளிசை போடுகிறவர்கள் கைதடி சித்த போதனா வைத்தியசாலை போன்ற இடத்தில் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது. ஆமணக்கெண்ணெய்ப் பேதியை வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவே வேண்டாம்.

பாமசி மருந்துகளில் அம்மம்மாவுக்குப் பிடித்தது லாக்டுலோஸ் பாணி. உடலில் சேராத ஒரு வகைச் சீனி அது. குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். இரண்டு நாள் பொறுக்க வேண்டும், வாயு கொஞ்சம் கூடும். பிசகோடில் என்ற குளிசையை இரவு போட்டால் விடிய வேலை செய்யும், ஆனால் வயிற்றைப் பிடித்து வலிக்கும். இசப்பகோல் உமி நல்லதுதான், தண்ணீர் குடிக்கப் பஞ்சிப்படுகிறவர்களுக்கு மட்டும் சரிவராது. தண்ணீர் போதாவிட்டால் உள்ளே ஊதி அடைத்துக்கொள்ளும்.

சாப்பாடு எல்லாவற்றுக்கும் அடியில் இருக்க வேண்டியது. பாணும் வெள்ளைமா இடியப்பமும் சொதியுமாக நாளை ஓட்டினால் எந்தப் பாணியும் காணாது. குரக்கன் பிட்டு, முருங்கையிலை வறை, பப்பாசிப்பழம், சோளகம் அடிக்கும் மாதங்களில் வழக்கத்தை விடக் கூடத் தண்ணீர். கொமட் வந்த பிறகு குந்தி இருக்கிற பழக்கம் போய்விட்டது. காலுக்குக் கீழே ஒரு பலகைக் கட்டை வைத்தால் சுலபமாகப் போகும்.

மூன்று நாளுக்கு ஒரு தடவை போகிறவர்கள் சிரமம் இல்லாவிட்டால் பயப்படத் தேவையில்லை. ஆனால் மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவது, 50 வயதுக்குப் பிறகு திடீரென மாறின பழக்கம், வயிறு ஊதிச் சத்தி எடுப்பது, இதில் ஒன்று இருந்தாலும் உருண்டையும் வேண்டாம், சூரணமும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது அம்மம்மா விடியத் தேத்தண்ணி குடித்துப் பத்து நிமிடத்தில் எழும்பிப் போகிறார், பலகைக் கட்டை அங்கேயே கிடக்கிறது. பாணிப் போத்தல் வாரத்தில் ஒரு தடவை திறந்தால் அதிகம்.