எச்சரிக்கை: ‘ஹோம் கேர் உண்டு’ என்று சொல்லி பாலிசி விற்றால்

வீட்டில் அறுபது தாண்டிய அப்பா அம்மா இருக்கிறார்கள், அவர்களுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்து பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்களும்தான். கம்பெனி பெயரையோ ஏஜென்ட் பெயரையோ எழுதப் போவதில்லை. ஏஜென்ட் சொந்தக்காரர், சீர் விசேஷங்களில் முகம் பார்த்தாக வேண்டும். தவிர, நான் சொல்லப்போகிற வரி அநேகமாக எந்தக் கம்பெனி பாலிசியைப் புரட்டினாலும் இருக்கும்.

நாங்கள் ஈரோடு மாவட்டம், சிவகிரிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் இருக்கிறார்கள். மஞ்சள், நாலு மாடு. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நூல் பில்லில் ஐம்பது பைசா இடித்தாலும் திருப்பி அனுப்புகிறவன். அப்படிப்பட்டவன் 46 பக்க பாலிசியில் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

2021 அக்டோபர். அம்மாவுக்கு அப்போது 63. ஏஜென்ட் அம்மாவுக்குப் பெரியப்பா மகன், எனக்கு மாமன் முறை. திண்ணையில் உட்கார்ந்து, அப்பா மேசைமேல் வைத்திருந்த மண்டிச் சீட்டு ஒன்றைத் திருப்பி, அதன் முதுகில் பேனாவால் எழுதிக் காட்டினார்: 5 லட்சம், ரூம், ஐ.சி.யூ., ஹோம் கேர். ‘ஹோம் கேர்’ என்பதன் கீழே மட்டும் இரண்டு கோடு.

“அக்கா, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாருந்தான் குடுக்கறாங்க. இதுல அப்படியில்லீங்க. நாளைக்கே படுத்த படுக்கையா ஆனாலும் ஊட்டுல ஆள் போட்டுப் பாத்துக்கறதுக்குக் காசு வருமுங்க.”

“ஏப்பா, வந்ததும் வராததுமா நல்ல வார்த்தையே வராதா உனக்கு?” என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தோம். அப்பா, “நம்ம மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று முடித்துவிட்டார்.

விண்ணப்பத்தை மாமாவே டேப்பில் நிரப்பினார். நோய் ஏதாவது உண்டா என்ற கேள்வி வந்தபோது, “பி.பி. மாத்திரையெல்லாம் எழுத வேண்டாமுங்க மாப்ளே, ப்ரீமியம் ஏறிப்போகும்” என்றார். என் மனைவி விடவில்லை. “நாலு வருசமா சாப்பிடறாங்க. சாப்பிடறதை இல்லைன்னு எப்படிங்க எழுதறது?” என்று மல்லுக்கு நின்று எழுதவைத்தாள். அன்று எனக்கு அது தேவையில்லாத சண்டையாகத் தெரிந்தது. நோயை மறைத்தீர்கள் என்று கம்பெனி கைவிரிக்காமல், கடைசியில் கொஞ்சமாவது பணம் வந்தது அந்தச் சண்டையால்தான்.

பிறகு போனுக்கு ஓ.டி.பி. வந்தது. “நம்பர் சொல்லுங்க மாப்ளே.” சொன்னேன். எல்லா விதிகளையும் படித்துப் புரிந்து ஒப்புக்கொண்டேன் என்பதற்கு அந்த ஆறு எண்கள்தான் என் கையெழுத்து.

2025 பிப்ரவரியில் ஒருநாள் விடிகாலை, பால் கறக்கக் கட்டுத்தரைக்குப் போன அம்மாவின் வலது கையிலிருந்து போசி நழுவி விழுந்தது. அப்பா சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தபோது, பேச வருகிறது, வார்த்தை வரவில்லை. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் 9 நாள், அதில் ஐ.சி.யூ. 4 நாள், ரூம் 5 நாள். பில் 3,86,000 ரூபாய். பாலிசி 5 லட்சத்துக்கு இருக்கிறதே என்ற தைரியத்தில், தனி ரூம் நாளைக்கு 8,000 என்றபோது யோசிக்காமல் தலையாட்டினேன்.

கம்பெனி கொடுத்தது 2,43,200.

ரூம் வாடகைக்கு எங்கள் பாலிசியில் வரம்பு, காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளைக்கு 5,000. மேலே போன மூவாயிரம் நம் தலையில், 5 நாளைக்கு 15,000, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அது இல்லை விஷயம். எட்டாயிரத்தில் ஐயாயிரம் என்பது 62.5 சதவீதம் அல்லவா, டாக்டர் ஃபீஸ், நர்சிங் சார்ஜ் என்று மற்றதையும் அதே விகிதத்தில்தான் தருவார்கள். 1,20,000 ரூபாய்க்கு 75,000 என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கையுறை, பஞ்சு வகையறா 22,000 தள்ளுபடி. மிச்சமிருந்த 3,04,000-இல் 20 சதவீதம் கோ-பே, அதாவது நாமே போட வேண்டிய பங்கு, அறுபதுக்கு மேல் சேர்ந்தவர்களுக்கு உண்டாம். மாமா எழுதிய சீட்டில் கோ-பே என்ற வார்த்தையே கிடையாது.

சரி, இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். உயிர் பிழைத்தார்களே என்று இருந்தது. அதோடு, வீட்டுக்கு வந்தபின்தான் ‘ஹோம் கேர்’ இருக்கிறதே!

அம்மாவின் வலது பக்கம் முழுக்க வரவில்லை. ஈரோட்டில் ஓர் ஏஜென்சி மூலம் ஒரு அம்மணியை அமர்த்தினோம். மாதம் 22,000, சாப்பாடு நம்முடையது. பிசியோதெரபிஸ்ட் வந்துபோக ஒரு தடவைக்கு 500. கட்டில் வாடகை, டயப்பர், புண் வராமலிருக்கக் காற்று மெத்தை. எல்லாம் சேர்ந்து மாதம் முப்பத்தைந்தாயிரத்துக்குக் குறையவில்லை. இரண்டு மாதக் கணக்கை அழகாக எக்செலில் போட்டு, ஏஜென்சி ரசீதுகளோடு அனுப்பினேன். ஒரு வாரத்தில் பதில்: ‘எக்ஸ்க்ளூஷன் 05-இன்படி ஏற்க இயலாது’.

பிஸ்கட் டின்னில் பட்டா, சிட்டாவோடு கிடந்த பாலிசியை அன்றைக்குத்தான் பிரித்தேன். 31-ஆம் பக்கம். ஓய்வு, மறுவாழ்வு, பராமரிப்பு என்று தலைப்பு. அதன் கீழே இருப்பதை நம் தமிழில் சொன்னால்: குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, எழுப்பி நடக்கவைப்பது போன்ற அன்றாட உதவி எதற்கும் பணம் இல்லை. வீட்டில் செய்தாலும் இல்லை, பராமரிப்பு இல்லத்தில் செய்தாலும் இல்லை. படித்த நர்ஸ் செய்தாலும் இல்லை, சும்மா ஓர் ஆள் செய்தாலும் இல்லை. அந்த அம்மணி காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன செய்கிறாரோ, பக்கத்தில் நின்று பார்த்து எழுதியதுபோல் ஒவ்வொன்றும் அதில் இருந்தது. இது ஒரு கம்பெனியின் சூழ்ச்சியும் அல்ல. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுவான விலக்கு வாசகம்.

அப்படியானால் ஹோம் கேர்? அதுவும் பாலிசியில் இருக்கத்தான் செய்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்ய வேண்டிய சிகிச்சையை, டாக்டர் எழுதிக்கொடுத்து, வீட்டிலேயே வைத்துச் செய்தால் அதற்குப் பணம். கொரோனா காலத்தில் வீட்டில் வைத்து மருந்து ஏற்றினார்களே, அந்த மாதிரி. மாமா பொய் சொன்னார் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. அவரும் 31-ஆம் பக்கத்தைப் படித்ததில்லை. போன் போட்டபோது அவர் சொன்னது: “மீட்டிங்ல அப்படித்தானுங்க மாப்ளே சொல்லிக்குடுத்தாங்க.” பொய்யைவிட இது எனக்குப் பயமாக இருக்கிறது. எத்தனை திண்ணைகளில் இதையே எழுதிக் காட்டியிருப்பார்!

இன்னொரு இடத்தில் நானே கோட்டை விட்டேன். டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் வரை ஆகும் மருந்து, பரிசோதனைச் செலவை எங்கள் பாலிசி தரும். டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் பிசியோதெரபியும் அதில் சேரும். ஆனால் பிசியோதெரபிஸ்டிடம் நான் ரசீது கேட்டதே இல்லை, ஜி-பே பண்ணி விட்டுவிட்டேன். மருந்து பில்லுக்கு மட்டும் 11,400 வந்தது. கணக்கெழுதுகிறவன்!

புகார் எழுதினேன். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். நேரே மேலே போனால் எடுக்க மாட்டார்கள். ஹோம் கேர் பற்றி அவர்கள் பதில் ஒரே வரி: தாங்கள் ஓ.டி.பி. மூலம் ஒப்புதல் அளித்துள்ளீர்கள். ஆனால் எழுதியது வீண்போகவில்லை. மருந்துக்கும் ஸ்கேனுக்கும் அந்த ரூம் விகித வெட்டைப் போடக்கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி இருக்கிறது. எங்கள் 1,20,000-இல் எம்.ஆர்.ஐ.யும் மருந்துமாக 40,000 கலந்திருந்தது. அதைச் சுட்டிக்காட்டியதும், வெட்டிய 15,000-இல் கோ-பே போக 12,000-ஐ மறுபேச்சில்லாமல் போட்டுவிட்டார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வெட்டியிருந்தால் செட்டில்மென்ட் கடிதத்தை எடுத்து வரிவரியாகப் பாருங்கள். கேட்டால் கிடைக்கும், கேட்காதவருக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

கம்பெனி ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். நமக்குச் சென்னையில் அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். இரண்டு கோடு போட்ட அந்த மண்டிச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். வேறு என்ன ஆதாரம் இருக்கிறது? வாய்ப்பேச்சுக்கு ரசீது கிடையாதே. இன்னும் விசாரணைக்குத் தேதி வரவில்லை.

இப்போது எடுக்கப் போகிறவர்களுக்கு நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் படித்துப் பார்த்து வேண்டாம் என்று திருப்பிவிடலாம். நாங்கள் எடுத்தபோது 15 நாள்தான். முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலம் அதிகபட்சம் 3 வருடம் என்று 2024-இல் குறைத்துவிட்டார்கள். வரம்பு, கோ-பே, விலக்கு எல்லாவற்றையும் சுருக்கிச் சொல்லும் தகவல் தாள் ஒன்று பாலிசியோடு தர வேண்டும். கேட்டால் தமிழிலேயே தர வேண்டும். 46 பக்கம் படிக்க மாட்டோம், சரி, அந்தத் தாளையாவது ஏஜென்ட் எதிரில் வைத்துப் படியுங்கள். ‘ஹோம் கேர்’ என்றால் ஆள் சம்பளமா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுதான் பதில்.

படுக்கையில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்ளும் சம்பளத்துக்கென்றே ஒரு பாலிசியை எங்கள் பக்கம் யாரும் விற்று நான் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்சம் கிட்ட வருவது ‘க்ரிட்டிக்கல் இல்னஸ்’ பாலிசி. பக்கவாதம் வந்து, பாதிப்பு மூன்று மாதம் தாண்டியும் இருந்தால் மொத்தமாக ஒரு தொகை தருவார்கள். ஆளுக்குச் சம்பளம் கொடுத்தாய், மெத்தை வாங்கினாய் என்று கணக்குக் கேட்க மாட்டார்கள். ஆனால் வயதும் பி.பி.யும் வந்த பிறகு அது கிடைப்பது கஷ்டம். அம்மாவுக்குக் காலம் கடந்துவிட்டது. எனக்கும் மனைவிக்கும் எடுத்திருக்கிறேன்.

வருட வருமானம் 1,20,000-க்குள் இருப்பவர்கள் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை வாங்காமல் இருக்காதீர்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. அதுவும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குத்தான். வீட்டுக்கு வந்து எங்களுக்கு உதவியது ‘மக்களைத் தேடி மருத்துவம்’. 2021-இலிருந்து நடக்கிற திட்டம். எங்களுக்குத் தெரிந்ததோ மூன்றாவது மாதம், பால் சொசைட்டியில் ஒருவர் சொல்லி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தோம். பிசியோதெரபிஸ்ட் தோட்டத்துக்கே வந்தார், பி.பி. மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது. தினமும் வர மாட்டார்கள். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை அப்பா பிடித்துக்கொண்டார். காலையில் மாடு பார்த்துவிட்டு வந்து, அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்குகிறார்.

2025 அக்டோபரில் ரினீவல் வந்தது. கோபத்தில் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பக்கவாதம் வந்த 67 வயதுக்காரரைப் புதிதாக எந்தக் கம்பெனி சேர்க்கும்? பழைய கம்பெனி, க்ளெய்ம் வாங்கினார்கள் என்ற காரணத்துக்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் ப்ரீமியத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஓர் ஆறுதல். மாமாவுக்குச் சொல்லாமல் ராத்திரி ஆன்லைனில் நானே கட்டினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன்.

“கட்டிட்டீங்க போலிருக்குங்க மாப்ளே, என் ஏஜென்ட் கோடு நம்பருக்கு மெசேஜ் வந்துச்சு. சந்தோசமுங்க. அக்கா எப்படி இருக்கறாங்க?”