இறுக்கிய புல்வெளியா, இளகிய மண்ணில் காடா?

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் நிலக்கரி வெட்டி முடித்த நிலத்தை மீட்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, புல்டோசரை மேலும் கீழும் ஓட்டிச் சமப்படுத்தி, இறுக்கி, புல் விதைப்பது. மற்றது, பாறை மண்ணைப் பொலபொலவென்று கொட்டி, மேடும் பள்ளமுமாகவே விட்டு மரம் நடுவது. பார்த்ததும் பிடிப்பது முதலாவதுதான். ஆனால் அங்கே முன்பு இருந்தது காடு. அது திரும்பி வரவேண்டும் என்றால் இரண்டாவதுதான் வழி.

புல்வெளி முறைக்கும் நியாயம் இருந்தது. கிளறிய மண்ணைச் சரிவில் தள்ளிவிட்டுப் போன காலத்தில் நிலச்சரிவுகள் ஊர்களைப் பயமுறுத்தின. 1977-இல் வந்த மத்தியச் சட்டம், மலையை ஏறத்தாழப் பழைய வடிவுக்குக் கொண்டுவரவும் மண் அரிப்பைத் தடுக்கவும் சொன்னது. சுரங்க நிறுவனம் கட்டிய பிணைத்தொகை முழுதாகத் திரும்ப வேண்டுமானால், நட்டது குறைந்தது 5 ஆண்டு நிலைத்திருக்க வேண்டும். கென்டக்கி-31 என்ற ஃபெஸ்க்யூ புல்லும் செரீசியா லெஸ்பெடெசாவும் சீக்கிரம் பச்சை காட்டும். பிறகு யார் மரத்துக்காகக் காத்திருப்பார்கள்?

சிக்கல் மண்ணுக்குள்ளே இருக்கிறது. கனரக வண்டி திரும்பத் திரும்ப ஏறிய மண்ணில் காற்றுக்கும் தண்ணீருக்கும் இடமில்லை. ஓக் கன்றின் வேர் கொஞ்சம் இறங்கி, கெட்டி அடுக்கில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பிவிடும். மேலே அடர்ந்த புல் ஈரத்தைப் பறிக்கும், வெளிச்சத்தை மறைக்கும். அதற்குள் ஒளியும் வயல் எலிகள் கன்றின் பட்டையைக் கடிக்கும். பக்கத்துக் காட்டிலிருந்து விதை வந்து விழுந்தாலும் முளைக்க இடம் கிடைக்காது. பல ஆண்டுகள் கழித்துப் போனாலும் அதே புல்லும் முள் நிறைந்த ஆட்டம் ஆலிவ் புதரும்தான்.

1990-களின் பிற்பகுதியில் கென்டக்கி பல்கலைக்கழகத்தினர் ஸ்டார்ஃபயர் சுரங்கத்தில் இறுக்கிய மண்ணையும் கொட்டி விட்ட மண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். இளகிய மண்ணில்தான் மரங்கள் நன்றாகப் பிழைத்து உயர்ந்தன. இப்படிப்பட்ட ஆய்வுகளிலிருந்து வளர்ந்ததுதான் ‘காட்டு மீட்பு அணுகுமுறை’. குறைந்தது 4 அடி ஆழத்துக்கு வேர் பிடிக்கும் மண், மேலே ஓரிரு முறை மட்டும் இலேசான புல்டோசர், மரத்தோடு போட்டி போடாத மெல்லிய புல், அப்புறம் விலை போகும் மரங்களோடு சீக்கிரம் வளரும் துணை மரங்களும். டோசர் ஓடும் நேரம் குறைவதால் டீசலும் மிச்சம். இளக்கினால் அரித்துப் போகும் என்று அஞ்சுவார்கள். உண்மையில் இளகிய மண் மழையைக் குடித்துக்கொள்கிறது. இறுகிய மண்தான் ஓடவிடுகிறது.

எந்த மண்ணைக் கொட்டுகிறோம் என்பது இதே அளவு முக்கியம். கென்டக்கியின் பென்ட் மலையில் 2005-இல் தொடங்கிய சோதனையில் மூன்று வகை வைத்தார்கள்: மேலடுக்கில் காற்றும் மழையும் பட்டு உதிர்ந்த பழுப்பு மணற்கல், ஆழத்திலிருந்து எடுத்த சாம்பல் நிற மணற்கல், இவற்றோடு களிப்பாறையும் கலந்தது. எல்லாமே இளக்கிக் கொட்டியவை. பழுப்பில் மரங்கள் மளமளவென்று வளர்ந்தன, விதைக்காத செடிகளும் தாமாக வந்து மூடின. சாம்பலில் கன்றுகள் குன்றிப்போய், தரையும் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தது. பழுப்பு மண் சற்று அமிலத்தன்மை கொண்டது, உள்ளூர் மரங்களுக்கு அது பழகிய மண். சாம்பல் நிற மண் காரத்தன்மை கொண்டது. வெட்டும்போதே பழுப்பைத் தனியே எடுத்து வைக்காவிட்டால், இளக்கியும் பாதிப் பலன்தான்.

புல்வெளியால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1997 முதல் 2002 வரை கிழக்குக் கென்டக்கியில் விட்ட 1,500-க்கும் மேற்பட்ட எல்க் மான்கள் பெருகியதற்கு இந்த மேய்ச்சல் வெளிகள் பெரிய காரணம். புல்வெளிப் பறவைகளுக்கும் அவை வீடு. மான் மேயும் வெளியைச் சிலவிடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மலை மலையாகப் புல்லாக்குவதற்கு அது சாக்கு ஆகாது.

ஏற்கெனவே இறுகிப்போன பழைய நிலத்துக்கும் வழி உண்டு. 2009-இல் தொடங்கிய ‘கிரீன் ஃபாரஸ்ட்ஸ் வொர்க்’ அதைத்தான் செய்கிறது: டோசரின் பின்னால் பெரிய இரும்புக் கொழு மாட்டி ஆழமாகக் கிழித்து, புதரை அகற்றிக் கன்று நடுகிறார்கள். மேற்கு வர்ஜீனியாவின் சீட் மலையில் அப்படிக் கிழித்த நிலத்தில் இப்போது ஊசியிலை மரமான ரெட் ஸ்ப்ரூஸ் கன்றுகள் வேர் விடுகின்றன. இறுக்க ஒரு செலவு, கிழிக்க இன்னொரு செலவு. முதலிலேயே டோசரைச் சீக்கிரம் நிறுத்தியிருந்தால் இரண்டுமே மிச்சம்.