மெலனி லின்ஸ்கீக்காகவே பார்க்க வேண்டிய படம்

நெட்ஃப்ளிக்ஸில் 'ஐ டோன்ட் ஃபீல் அட் ஹோம் இன் திஸ் வேர்ல்ட் எனிமோர்' (2017) என்று தேடிப் பாருங்கள். ஒன்றரை மணி நேரப் படம். மேக்கன் பிளேர் இயக்கி, அந்த வருஷம் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் கிராண்ட் ஜூரி பரிசு வாங்கியது. மெலனி லின்ஸ்கீ பெயரைப் பார்த்துத்தான் நான் போட்டேன்.

அவர் நடிக்கும் ரூத், தனியாக வாழும் நர்ஸிங் உதவியாளர். வீட்டில் திருட்டு போகிறது. லேப்டாப், பாட்டி விட்டுப்போன வெள்ளிச் சாமான்கள், மாத்திரைகள் எல்லாம் காலி. போலீஸ் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பக்கத்து வீட்டு டோனியை (எலைஜா வுட்) கூட்டிக்கொண்டு இவளே கிளம்பிவிடுகிறாள்.

திருட்டுக்கு முன்னாடி ஒரு பார் காட்சி. ரூத் ஒரு நாவல் படித்துக்கொண்டிருக்கிறாள். முன்பின் தெரியாத ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாகக் கதையின் முக்கியத் திருப்பத்தைப் போட்டு உடைத்துவிடுகிறான். லின்ஸ்கீ கத்தவில்லை. மரியாதைக்குச் சிரித்த சிரிப்பு முகத்தில் அப்படியே வாடுகிறது. சண்டை போடத் தெரியாமல் எல்லாவற்றையும் விழுங்கியே பழகிய ஒருத்தியின் முழு வாழ்க்கையும் எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. பிறகு அவள் ஆவேசமாகக் கிளம்பும்போது துளிகூட மிகையாகத் தெரியாததற்கு அந்தச் சிரிப்புதான் காரணம்.

கடைசி அரைமணி நேரம் ரத்தக்களரி. எனக்கு அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அங்கேயும் பயத்தில் வாந்தி எடுக்கிற சாதாரண மனுஷியாகவே இருக்கிறார் லின்ஸ்கீ. திடீர் வீராங்கனை ஆகிவிடுவதில்லை.

லின்ஸ்கீ நியூசிலாந்தின் நியூ பிளிமத் ஊர்க்காரர். பள்ளி மாணவியாக இருந்தபோதே பீட்டர் ஜாக்சனின் 'ஹெவன்லி கிரீச்சர்ஸ்' (1994) படத்தில் அறிமுகம். கூட நடித்த கேட் வின்ஸ்லெட்டுக்கும் அதுதான் முதல் படம். மூன்று வருஷத்தில் வின்ஸ்லெட் 'டைட்டானிக்' ஏறிவிட்டார். இவருக்குக் கிடைத்ததோ தோழி, தங்கை, மனைவி வேடங்கள். 2009-இல் மட்டும் 'அப் இன் தி ஏர்' படத்தில் ஜார்ஜ் க்ளூனியின் தங்கை, 'தி இன்ஃபார்மன்ட்!' படத்தில் மாட் டேமனின் மனைவி. டி.வி. ரசிகர்களுக்கு 'டூ அண்ட் எ ஹாஃப் மென்' ரோஸ். இவ்வளவு திறமையை ஓரத்திலேயே நிறுத்தி வைத்தார்களே என்று இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

2012-இல் 'ஹலோ ஐ மஸ்ட் பி கோயிங்', விவாகரத்தாகிப் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பும் பெண்ணாக முழுப்படத்தையும் தாங்கினார். 2021-இல் 'யெல்லோஜாக்கெட்ஸ்' டி.வி. தொடரில் ஷானா வேடம் வந்த பிறகுதான் எம்மி (அமெரிக்க டி.வி. விருது) பரிந்துரையே கிடைத்தது.

குழந்தைகளை வைத்துக்கொண்டு ரூத் கதையைப் போடாதீர்கள். பிடித்துப்போனால் அடுத்து 'ஹலோ ஐ மஸ்ட் பி கோயிங்' பாருங்கள், அதன் பிறகு 'யெல்லோஜாக்கெட்ஸ்' முதல் சீசன். என் மதிப்பெண்: படத்துக்கு ஐந்துக்கு மூன்றரை, லின்ஸ்கீக்கு முழுசாக ஐந்து.